பிறந்த வீட்டுப் பரணில் தங்கிவிட்ட நோட்டு

மயிலாப்பூரில் என் அம்மா பிறந்து வளர்ந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்தபோது, பரணைக் காலி செய்யும் வேலை என் பங்குக்கு வந்தது. பித்தளை அண்டா, கொலுப்படிப் பலகைகள், ஓடாத ஒரு மேஜை மின்விசிறி, இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் பழைய புடவைத் துணியில் சுற்றிய தடித்த குயர் நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் பெரியம்மாவின் பெயர், வகுப்பு, பிரிவு. 1967இல் பத்தாம் வகுப்பில் தொடங்கி 1972 ஏப்ரலில், பி.ஏ. முடித்த கையோடு நின்றுபோயிருக்கிறது. பாதி நோட்டு வெற்றுத் தாள்.

மற்றப் பாதியில் இருப்பவை இவை. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுப் படங்கள், செய்தித்தாளிலிருந்து வெட்டியவை. பள்ளி ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரல், அதில் ஒரே ஒரு பெயருக்குக் கீழே பேனாக் கோடு. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்த மறுநாள் வந்த பத்திரிகையின் முதல் பக்கம், நான்காக மடித்தது. அதே ஆண்டு ஜூலையில் நிலாவில் மனிதன் நின்ற படம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டரின் டிக்கெட் பாதியும் சாக்லேட் சுற்றிய தங்கத் தாளும். நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் அரச இலை. குட்டி போடும் என்று நம்பி வைத்த மயிலிறகு. என்.சி.சி. முகாமில் எடுத்த சின்னச் சதுரப் படங்கள். கடைசியில் தோழிகளின் ஆட்டோகிராஃப்.

பெரியம்மாவைப் பற்றி வீட்டில் வேறு தாள்களும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிகிரிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை. அவற்றில் அவர் இன்னாரின் மகள், இன்ன எண்ணுள்ள மாணவி, இன்னாரை மணக்கவிருக்கும் சௌபாக்கியவதி. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டுவது என்று அவரே முடிவு செய்த ஒரே ஆவணம் இந்த நோட்டுதான். நிலாவில் கால் வைத்த படமும் சினிமா டிக்கெட்டும் எதிரெதிரே இருப்பது அவர் விருப்பம். இளம் பெண்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நோட்டுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களில் இதுவே முதன்மையானது.

இதற்குத் தமிழில் நிலையான பெயர் இல்லை. ஸ்க்ராப் புக், ஆல்பம், கட்டிங் நோட்டு, ஆட்டோகிராஃப் நோட்டு என்று வீட்டுக்கு வீடு மாறும். 90களில் இது ஸ்லாம் புக் ஆனது. பிடித்த நிறம், பிடித்த நடிகர், லட்சியம் என்று கேள்விகளை முன்கூட்டியே அச்சிட்டு விற்றார்கள், தோழிகள் கோடிட்ட இடத்தை நிரப்பினார்கள். வெற்றுத் தாளில் ஒருத்தி என்ன எழுதலாம் என்று யோசித்து எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் பெரிது.

வழக்கம் மட்டும் பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்து வாங்க ஏடு வைத்திருந்தார்கள். அச்சுத் தாள் மலிந்த 19ஆம் நூற்றாண்டில் வெட்டி ஒட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீடு வீடாகப் பரவியது. எழுத்தாளர் மார்க் ட்வைன் பசை தடவிய தாள்கள் கொண்ட ஸ்க்ராப் புக்குக்கு 1873இல் காப்புரிமையே வாங்கினார். அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகள் பல, தங்கள் பழைய மாணவிகளின் ஸ்க்ராப் புக்குகளைக் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கின்றன. நடன அழைப்பு, காய்ந்த பூ, விடுதி அறைச் சாவியின் அட்டை எல்லாம் அப்படியே இருக்கும்.

நம் ஊருக்கு இந்தப் பழக்கம் வர இரண்டு விஷயங்கள் நடந்தாக வேண்டியிருந்தது. ஒன்று, பெண்களுக்கென்று பள்ளி, கல்லூரி. சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரி 1914இல் கடற்கரையில் தொடங்கியது. பெண்கள் கிறித்துவக் கல்லூரி 1915இல் வந்தது. ஸ்டெல்லா மாரிஸ் 1947, எத்திராஜ் 1948. இன்னொன்று, வயது. பூப்புக்கு முன்போ உடனேயோ கல்யாணம் முடிந்துவிடும் காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தோழிகளோடு கழிக்கும் ஆண்டுகள் என்று எதுவும் இல்லை. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1949இல் அது 15 ஆயிற்று, 1978இல் 18. சட்டத்தை வீடுகள் எவ்வளவு மதித்தன என்பது வேறு கதை. ஆனால் நடுத்தரக் குடும்பங்களில் படிப்புக்காகக் கல்யாணம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது, அந்த இடைவெளியில்தான் இந்த நோட்டுகள் பிறந்தன. ஒரு நோட்டு எத்தனை பக்கம் போகிறது என்பது, அந்தப் பெண்ணுக்கு எத்தனை ஆண்டு கிடைத்தது என்பதன் கணக்கும்கூட.

ஒட்டுவதற்குப் பொருள் தந்தவை வாரப் பத்திரிகைகள். ஆனந்த விகடன் 1926, கல்கி 1941, குமுதம் 1947 என்று இவை வந்த பின் வெட்டுவது வீட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது. கல்கியில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! அதைத் தைத்து வைத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள். அட்டைப்படமும் மணியத்தின் ஓவியமும் பின்பக்கத்து விளம்பரமும் சேர்ந்தே அந்த பைண்டில் இருக்கும். வெட்டுவது, வரிசைப்படுத்துவது, ஒட்டுவது என்ற கைப்பழக்கம் அங்கே வந்தது. அதே கத்திரி, அதே மைதாப் பசை, பள்ளிக்கூடப் பெண்ணின் நோட்டுக்கும் உதவின.

இந்த நோட்டு பரணில் இருந்ததற்கும் காரணம் உண்டு. நான் பார்த்த வரையில், நம் வீட்டுப் பெண்கள் கல்யாணத்தின்போது புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போன நோட்டுகள் மூன்று. கோல நோட்டு, பாட்டு நோட்டு, சமையல் குறிப்பு நோட்டு. மூன்றும் புது வீட்டில் பயன்படும், மாமியார் பார்த்தாலும் மகிழ்வார். ஆட்டோகிராஃபும் சினிமா டிக்கெட்டும் ஒட்டிய நோட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக யாருக்கும் மனம் துணியவில்லை. யாருடைய கையெழுத்து இது, இந்த டிக்கெட்டுக்கு யாரோடு போனாய் என்ற கேள்விகள் வரலாம். அதனால் அது பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும். அப்புறம் தம்பியின் குடும்பம் அந்த வீட்டில் இருக்கும். தம்பியின் மகன் வீட்டை இடிப்பான். அன்றைக்கு நோட்டு எடைக்குப் போகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், மாம்பலம், திருவல்லிக்கேணி பகுதிகளில் தனி வீடுகள் ஃப்ளாட்டுகளாக மாறிய இந்த 30, 40 ஆண்டுகளில் பழைய பேப்பர் கடைத் தராசில் இப்படி எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டிலும் தராசு திண்ணைக்கு வந்துவிட்டது. நோட்டு புடவைத் துணியில் சுற்றியிருந்ததால் துணி மூட்டையோடு ஒதுங்கியது, அதனால் தப்பியது.

சரி, கிடைத்த நோட்டை எப்படிப் படிப்பது? முதலில் காலம். தேதி போட்ட பக்கங்கள் குறைவு. ஆனால் தாளே பேசும். டிக்கெட்டிலோ பில்லிலோ அணா இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன்பு அச்சானது, நயா பைசா இருந்தால் பின்பு. சான்றிதழில் மதராஸ் மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன், தமிழ்நாடு என்றிருந்தால் பின். பஸ் பாஸில் அன்றைய சென்னை அரசு பஸ் கழகமான பல்லவன் பெயர் வந்தால் 1972இலோ அதற்கு அப்புறமோ. ஆட்டோகிராஃபில் தோழிகள் முகவரி எழுதுவார்கள் அல்லவா, அது இன்னும் நல்ல தடயம். பின்கோடு முறை இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. பெரியம்மாவின் தோழிகள் அதற்கு நான்கு மாதம் முன்பு எழுதியிருக்கிறார்கள், எல்லா முகவரியும் 'சென்னை-4', 'சென்னை-17', 'சென்னை-5' என்றே முடிகிறது. ஒரு பக்கத்தில்கூட ஆறு இலக்கம் இல்லை.

கையெழுத்தையும் பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் லை, ளை, ணை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி உரு இருந்தது. பெரியம்மாவின் நோட்டு முழுக்கத் துதிக்கைகள்தான். இதை வைத்து ஆண்டை அடித்துச் சொல்ல முடியாது. பழகிய கை 1978க்கு அப்புறமும் பழைய மாதிரியே எழுதும், முன்பிருந்தே புது எழுத்தில் வந்த பெரியாரின் 'விடுதலை' படித்த வீட்டுப் பெண் 1978க்கு முன்பே அதற்கு வந்திருப்பாள். ஆனால் ஒரே நோட்டில் நடுவே எழுத்து மாறினால், அந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது ஆண்டைவிடச் சுவையான செய்தி.

படிப்பு முறையையும் மனதில் வைக்க வேண்டும். 1978 வரை எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11ஆம் வகுப்பு. அதை முடித்ததும் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி., பிறகு மூன்றாண்டுப் பட்டம். ஆக 16 வயதில் ஒரு பெண் சீருடையை விட்டுத் தாவணியிலோ புடவையிலோ கல்லூரிக்குப் போய்விடுவாள். பி.யூ.சி. குரூப் ஃபோட்டோவில் தெரியும் குழந்தை முகங்களுக்குக் காரணம் இதுதான். +2 வந்த பிறகு அந்த முகங்கள் மறுபடி பள்ளிக்கூடப் படங்களுக்குள் போய்விட்டன.

படங்களின் அளவும் செய்தி. பெரியம்மாவின் முகாம் படங்கள் சதுரமானவை. 120 ஃபிலிம் போடும் ஆக்ஃபா கிளிக் மாதிரியான எளிய கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். 12 என்றால் யோசித்துத்தான் எடுப்பார்கள். அந்தப் 12இல் மூன்றை ஒரே தோழிக்குச் செலவு செய்திருக்கிறார் என்றால், அவள் யார் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

ஆனால் அவள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நம் பெயர் முறை அப்படி. பள்ளியில் அப்பாவின் பெயர் இனிஷியல். கல்யாணமானதும் அது கணவரின் பெயருக்கு மாறும். குரூப் ஃபோட்டோவின் கீழே அச்சிட்ட பெயரை வைத்துக்கொண்டு இன்றைய வாக்காளர் பட்டியலில் தேடினாலும் இணையத்தில் தேடினாலும் அந்தப் பெண் அகப்பட மாட்டாள். ஊர் மாறியிருக்கும், இனிஷியலும் மாறியிருக்கும். ஆண்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் பழைய மாணவர் சங்கம் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிடும். பெண்களின் பள்ளிப் பெயரையும் பிந்தைய பெயரையும் இணைக்கும் பாலம் பல சமயம் ஓர் ஆட்டோகிராஃப் நோட்டும், அதைப் பார்த்ததும் 'ஓ, இவளா' என்று சொல்லக்கூடிய ஒரு மனுஷியும் மட்டுமே. இதனால்தான் நோட்டை அதன் சொந்தக்காரி இருக்கும்போதே திறக்க வேண்டும் என்கிறேன்.

இந்த நோட்டுகள் யாருடைய வாழ்க்கையைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 100க்கு சுமார் 9 பேர். அடுத்த இருபது ஆண்டில் எண்ணிக்கை ஏறியது என்றாலும், தாளையும் பசையையும் பொழுதுபோக்குக்குச் செலவிட முடிந்த வீடு, கேமரா இருந்த உறவு, மாலையில் வேலை ஏவாத அம்மா, இவையெல்லாம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் குரூப் ஃபோட்டோவின் பிரதி வாங்கக் காசில்லாமல் போயிருக்கலாம். எடுத்த படத்தில் அவள் நிற்கிறாள், ஆனால் படம் அவளிடம் இல்லை. பெரியம்மாவின் நோட்டில் உள்ள பள்ளிப் படத்தில் மூன்றாம் வரிசை ஓரத்தில் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு நோட்டும் அதை வைத்திருந்தவளுக்கு மட்டுமல்ல, அதில் நிற்கும் மற்றவர்களுக்கும் ஆவணம்.

இனி, காப்பாற்றும் வழி. சென்னைக் காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். மைதாப் பசையில் மாவு இருப்பதால் ராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். செய்தித்தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி நொறுக்குவதோடு, ஒட்டிய பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் கறையாக்கும். பெரியம்மாவின் நிலாப் படத்தின் நிழல் எதிரே இருக்கும் டிக்கெட்டைச் சுற்றிப் பழுப்பாகப் பதிந்திருக்கிறது. குண்டூசி துருப்பிடிக்கும். செல்லோடேப் சில ஆண்டில் மஞ்சளாகிக் கழன்று விழும், பிசின் மட்டும் தாளுக்குள் இறங்கிப் போகவே போகாது. 80, 90களில் வந்த ஒட்டும் பக்கமுள்ள பிளாஸ்டிக் ஆல்பங்கள் இன்னும் மோசம், அவற்றின் பசை கலர்ப் படங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியால் ஆனவை, கலர்ப் படச் சாயத்தைவிட நெடுநாள் நிற்கும். அதனால்தான் அம்மாவின் கல்லூரிப் படம் தெளிவாகவும் மகளின் கல்லூரிப் படம் சிவந்தும் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது, நல்லெண்ணத்தோடு செய்யும் சேதம். நோட்டைப் பிரித்து, 'முக்கியமான' படங்களை மட்டும் எடுத்துப் புது ஆல்பத்தில் போட்டு, மீதியைத் தூக்கிப் போடுவார்கள். பெரிய காப்பகங்கள்கூட ஒரு காலத்தில் இப்படிச் செய்தன. படத்தைப் படப்பிரிவுக்கும் கடிதத்தைக் கடிதப்பிரிவுக்கும் அனுப்பின. பிரித்த பின் ஒவ்வொன்றும் வெறும் படம், வெறும் டிக்கெட். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது போய்விடும், அந்தப் பெண்ணின் கை அதில் இல்லாமலாகிவிடும். லேமினேட் செய்வதும் அப்படித்தான், திருப்பி எடுக்கவே முடியாது.

செய்ய வேண்டியது சுலபம். நோட்டைத் தட்டையாக வைத்து, அட்டையிலிருந்து கடைசி வெற்றுத் தாள் வரை வரிசை மாறாமல், ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுங்கள். மடித்த தாளை மடித்தபடி ஒன்று, விரித்து ஒன்று. பக்கங்களுக்கிடையே அமிலம் இல்லாத மெல்லிய தாள் வையுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். நம் பாட்டிமார் வைத்த வசம்புத் துண்டை ஒரு சிறு துணிமுடிப்பில் பக்கத்தில் வைக்கலாம், தாளின் மேல் படக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர் எத்தனையோ ஆல்பங்களை இழந்தது. நனைந்த ஃபோட்டோவை ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிட்டால் அதோடு முடிந்தது. ஈரமாக இருக்கும்போதே பிரித்து, சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்ப வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் நாள் கிடைக்கும். பேனா மையில் எழுதிய பக்கத்தை மட்டும் அலசவே கூடாது.

சில்லறைத் தாளுக்கு மதிப்பு உண்டு என்று காட்டியவர் நம்மிடையே இருந்திருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை ஓவியர், புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவானது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இப்போது தரமணியில் இருக்கிறது. பெண்களின் வாழ்க்கைக்கென்றே, எழுத்தாளர் அம்பை என்ற சி.எஸ். லட்சுமி உள்ளிட்டோர் 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ காப்பகம் கடிதம், படம், வாய்மொழி வரலாறு என்று சேர்க்கிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் நூற்றாண்டு மலர் போடும்போது முதல்வர்களின் படத்தைத் தேடுகிறார்கள். பழைய மாணவிகளின் பரணையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கலாம். 19 வயதில் ஒருத்தி எழுதிய முகவரியும் மனசும் எல்லோரும் பார்ப்பதற்காக எழுதியவை அல்ல. காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன், வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், நோட்டின் சொந்தக்காரியைக் கேட்க வேண்டும். சில பக்கங்கள் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு நங்கநல்லூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது இன்னுமாடா இருக்கு? அப்பவே போட்டுட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

நடுவில் ஒரு பக்கம். நான்கு மூலையிலும் பசைத் தடம், நடுவில் ஒன்றும் இல்லை. தாளின் நிறம் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் வெளுப்பாக இருந்தது, படம் பல காலம் அங்கே இருந்து பிறகு போயிருக்கிறது.

"இங்க என்ன இருந்தது பெரியம்மா?"

"அதை நான்தான் எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி வாரம்." பக்கத்தைத் திருப்பினார். நான் மேலே கேட்கவில்லை.

ஆட்டோகிராஃப் பக்கங்களுக்கு வந்ததும் குரல் மாறியது. ஒவ்வொரு பெயரையும் பழைய இனிஷியலோடு வாய்விட்டுப் படித்தார், பிறகு தெரிந்தவரை புது இனிஷியல், ஊர், பிள்ளைகள். நான் தனித்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். 31 பெயர். முதல் மதியத்தில் 11 பேருக்கு இப்போதைய பெயர் கிடைத்தது. பன்னிரண்டாவது, முகாம் படங்களில் மூன்று முறை வரும் அந்தத் தோழி. பெரியம்மா ஒரு நிமிஷம் யோசித்து, தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "வேளச்சேரியில அவ தங்கச்சி இருக்கா, போடு பார்க்கலாம்" என்றார்.